சேமித்த பக்கம் ஏன் திறக்கவில்லை? வலைக் காப்பகங்களின் மீளியக்கமும் நிரல் இடைமுகங்களும்

2016 நவம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, நவம்பர் 1ஆம் தேதி, சி.என்.என். செய்தித் தளத்தின் உள்கட்டமைப்பில் ஒரு மாற்றம் நடந்தது. வாசகர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்துப் பிற்காலத்துக்குச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினும் வழக்கம்போல் அந்தத் தளத்தின் முகப்பைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அன்று முதல் எடுத்த பிரதிகளைத் திறந்தவர்களுக்கு வெற்றுத் திரைதான் கிடைத்தது. தேர்தல் இரவின் முகப்பும், முடிவு வெளியான மறுநாளின் முகப்பும் காப்பகத்தின் வட்டுகளில் பத்திரமாக இருந்தன. கண்ணால் பார்க்கத்தான் முடியவில்லை. 2017 ஜனவரியில் வர்ஜீனியாவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலைக் காப்பக ஆய்வுக் குழு இதைக் கண்டறிந்து காரணத்தையும் விளக்கியது.

காரணம் மிகச் சிறியது. பக்கத்தில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல், தான் இயங்கும் ஆவணத்தின் டொமைன் பெயரைச் சி.என்.என். தளத்தின் பெயராக அமைத்துக்கொள்ள முயன்றது. அசல் தளத்தில் அது தடையின்றி நடக்கும். காப்பகப் பிரதியோ ஆர்க்கைவின் முகவரியிலிருந்து பரிமாறப்படுகிறது. வேறொரு தளத்தின் பெயரைச் சூடிக்கொள்ள ஒரு பக்கம் முயன்றால் உலாவி பாதுகாப்பு கருதி மறுத்துவிடும். அந்த மறுப்பு ஒரு பிழையாக எழுந்தது. பிழை எழுந்த இடத்திலேயே நிரல் நின்றது. நிரல் நின்றதால் செய்திகளைத் திரையில் அடுக்க வேண்டிய அடுத்த பகுதி ஓடவே இல்லை. ஒரே ஒரு வரி ஓடாததால் ஒரு வரலாற்றுத் தருணத்தின் முகப்புப் பக்கம் முழுவதும் மறைந்துபோனது.

வலைக் காப்பகம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது சேமிப்புதான். எவ்வளவு சேமித்தார்கள், எத்தனை பக்கங்கள், எத்தனை பெட்டாபைட் என்றே பேச்சு போகும். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், 2001இல் வேபேக் மெஷினைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2025 அக்டோபரில் அதன் தொகுப்பு ஒரு லட்சம் கோடி பக்கங்களைத் தொட்டது. அந்த எண்ணிக்கை மலைப்பூட்டுவதுதான். ஆனால் ஒரு வலைப்பக்கம் என்பது படித்து முடிக்கும் தாளைவிட ஓடும் நிரலுக்கே நெருக்கமானது. அதைச் சேமிப்பது ஒரு வேலை; பல ஆண்டுகள் கழித்து, வேறு உலாவியில், வேறு முகவரியில், அசல் சர்வர் இல்லாத சூழலில் மீண்டும் ஓட வைப்பது முற்றிலும் வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு மீளியக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதைச் செய்து தருபவை காப்பகங்களின் நிரல் இடைமுகங்கள், அதாவது ஒரு நிரல் இன்னொன்றிடம் கேட்டுப் பெறுவதற்கான வழிகளான ஏ.பி.ஐ.க்கள். நாம் கடந்த காலம் என்று எதைப் பார்க்கிறோம் என்பதைப் பெருமளவுக்கு இவைதான் முடிவு செய்கின்றன. அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் இவற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

எதைச் சேமிக்கிறார்கள், எப்படித் தேடுகிறார்கள்

உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பல டஜன் கோரிக்கைகள் பறக்கின்றன: பக்கத்தின் உரையும் அமைப்பும் எழுதப்பட்ட எச்.டி.எம்.எல். கோப்பு, படங்கள், தோற்றத்தை வகுக்கும் நடைதாள்கள், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துருக்கள். காப்பகம் ஒவ்வொரு கோரிக்கையையும் அதற்குச் சர்வர் அனுப்பிய பதிலையும், பதிலைப் பற்றிய விவரங்களைத் தாங்கி அதன் முன்னே வரும் தலைப்பு வரிகளோடு சேர்த்து அப்படியே பதிவு செய்கிறது. இந்தப் பதிவுக்கான கோப்பு வடிவம் வார்க். தொடக்கத்தில் இருந்த ஆர்க் வடிவத்திலிருந்து வளர்ந்து, 2009இல் ஐ.எஸ்.ஓ. 28500 என்ற பன்னாட்டுத் தரமானது, 2017இல் திருத்தப்பட்டது.

வார்க் கோப்பின் அமைப்பில் ஒரு நுட்பமான தீர்மானம் இருக்கிறது. ஒரு கோப்பில் பல்லாயிரம் பதிவுகள் வரிசையாகக் கிடக்கும். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் சுருக்காமல், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகச் சுருக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகிறார்கள். அதனால் பதிவு எந்த பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம் என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். அதை மட்டும் உருவி எடுத்துவிடலாம். வலைப்பக்கங்களைத் திரட்டி எவரும் பயன்படுத்தத் தரும் காமன் கிரால் நிறுவனத்தின் பிரம்மாண்டமான தொகுப்பு அமேசானின் மேகச் சேமிப்பில் கிடக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு பக்கத்தைப் படிக்க விரும்பும் ஆராய்ச்சி மாணவர், கோப்பு முழுவதையும் இறக்காமல் சில கிலோபைட்களை மட்டும் கேட்டு வாங்க முடிவது இதனால்தான்.

அந்த இரண்டு எண்களும் எங்கே கிடைக்கும்? சி.டி.எக்ஸ். என்ற அட்டவணையில். ஒரு வரிக்கு ஒரு பிரதி என்ற கணக்கில் எழுதப்பட்ட எளிய பட்டியல் அது. முகவரி, பிரதி எடுத்த நேரம் 14 இலக்கங்களில், கோப்பின் வகை, பக்கம் கிடைத்ததா இல்லையா என்று சர்வர் தந்த நிலைக்குறி, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு, பதிவின் நீளம், அது தொடங்கும் இடம் ஆகியவை வரிசையாக இருக்கும். முகவரியைத் தலைகீழாகத் திருப்பி எழுதுவது இதன் தனிப்பண்பு: முதலில் காம் அல்லது ஆர்க், பிறகு நிறுவனத்தின் பெயர், பிறகு துணை டொமைன், அதன் பின் உள்ளே செல்லும் பாதை. இப்படி எழுதி அகர வரிசையில் அடுக்கினால் ஒரே நிறுவனத்தின் எல்லாத் துணைத் தளங்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு டொமைன் முழுவதையும் கேட்பது சுலபமாகிவிடும்.

வேபேக் மெஷினின் சி.டி.எக்ஸ். இடைமுகத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு முகவரியைக் கொடுத்து இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, நாளுக்கு ஒரு பிரதி மட்டும், வெற்றிகரமான பதில்கள் மட்டும் என்று வடிகட்டிக் கேட்கலாம். அடுத்தடுத்த பிரதிகளில் கைரேகை மாறாதவற்றைத் தள்ளிவிடச் சொன்னால், ஒரு பக்கம் எந்தெந்த நாட்களில் உண்மையிலேயே மாறியது என்ற வரலாறு கைக்கு வந்துவிடும். அரசுத் துறை ஒன்று தன் கொள்கைப் பக்கத்தை எப்போது திருத்தியது என்று தேடும் செய்தியாளருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. திரையில் தெரியும் நாட்காட்டியைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பவருக்கு ஒரு நாள் ஆகும் வேலை, இங்கே ஒரு கேள்வியில் முடியும்.

இதற்குப் பக்கத்தில் இன்னோர் எளிய இடைமுகமும் உண்டு. ஒரு முகவரியையும் தேதியையும் கொடுத்தால் அந்தத் தேதிக்கு மிக நெருங்கிய பிரதி எது என்று சொல்லும். நெருங்கியது என்ற சொல்லில்தான் சிக்கல். 2010ஆம் ஆண்டின் பக்கத்தைக் கேட்டால் 2013இன் பிரதி கையில் வந்து விழலாம். பதிலிலேயே உண்மையான நேரம் எழுதியிருக்கும். ஆனால் அதைச் சரிபார்க்காமல் மேலே செல்லும் நிரல்கள் ஏராளம். இப்படிச் சேகரித்த தரவுகளின் மேல் ஆய்வுகள் எழுப்பப்படுவது எனக்குக் கவலையளிக்கிறது.

காலத்தையும் கேட்டுப் பெறலாம்

வலையின் அடிப்படை நெறிமுறையான எச்.டி.டி.பி.யில் மொழியைக் கேட்டுப் பெற முடியும்: இந்தப் பக்கம் தமிழில் இருந்தால் தமிழில் கொடு என்று உலாவி சொல்லலாம். அதே வழியில் காலத்தையும் கேட்டுப் பெற முடியாதா என்று ஹெர்பர்ட் வான் டி சோம்பல், மைக்கேல் நெல்சன், ராபர்ட் சாண்டர்சன் ஆகியோர் யோசித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மெமென்டோ நெறிமுறை. இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 7089 என்ற எண்ணோடு 2013 டிசம்பரில் வெளியானது.

அதன் ஏற்பாடு அழகானது. காலவாயில் என்று சொல்லத்தக்க ஒரு முகவரியிடம், எனக்கு இந்தப் பக்கம் இந்தத் தேதியில் இருந்தபடி வேண்டும் என்று ஒரு தலைப்பு வரியோடு கோரிக்கை போகும். காலவாயில் பொருத்தமான பிரதிக்கு வழிகாட்டும். வரும் பிரதி, தான் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதைத் தன் தலைப்பு வரியில் அறிவிக்கும். தன் அசல் முகவரி எது, எல்லாப் பிரதிகளின் பட்டியல் எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லும். இதன் பெரும்பயன், காப்பகங்களுக்கு இடையே உள்ள சுவர்களைத் தாழ்த்துவது. உலகில் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். போர்ச்சுக்கலின் அர்கிவோ, பிரிட்டனின் வலைக் காப்பகம், ஐஸ்லாந்து, பிரான்ஸ் என்று தேசிய நூலகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தத்தம் தொகுப்புகளை வைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே நெறிமுறையைப் பேசினால், ஒரு நிரல் பத்துக் காப்பகங்களையும் ஒரே நேரத்தில் கேட்டு, யாரிடம் நெருங்கிய பிரதி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்படிப் பரவலாக இருப்பதன் அருமையை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டனின் வலைக் காப்பகமும் முடங்கி, நீண்ட காலம் இணையத்தில் இல்லாமல் போனது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவே தாக்கப்பட்டது. வேபேக் மெஷின் சில நாட்கள் இயங்கவில்லை. திரும்பி வந்தபோதும் முதலில் படிக்க மட்டுமே முடிந்தது, புதிதாகச் சேமிக்க முடியவில்லை.

முகவரிகளைத் திருத்துவது

இனிதான் மீளியக்கத்தின் கடினமான பகுதி. 2005ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றின் எச்.டி.எம்.எல்.லில் ஒரு படத்தின் முழு முகவரி இருக்கிறது. அதை அப்படியே விட்டால், உலாவி இன்றைய இணையத்துக்குப் போய் அந்தப் படத்தைக் கேட்கும். படம் அங்கே இல்லாமல் போகலாம். அதைவிட மோசமாக, அதே முகவரியில் வேறு படம் இருக்கலாம். ஆகவே காப்பகச் சர்வர், பக்கத்தைப் பரிமாறும் முன் அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் காப்பகத்தை நோக்கித் திருப்பி எழுதுகிறது. வேபேக் மெஷினின் முகவரியில் 14 இலக்க நேரத்துக்குப் பின்னால் சில நேரம் இரண்டு எழுத்தும் ஓர் அடிக்கோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்துக்கு ஒரு குறி, நடைதாளுக்கு ஒரு குறி, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு குறி. எதை எப்படித் திருத்துவது என்று சர்வருக்கு உணர்த்துபவை அவை.

அவற்றில் ஒன்று மிக மிக முக்கியமானது: ஐ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் அடிக்கோடும். அந்தக் குறியைச் சேர்த்துக் கேட்டால் எந்தத் திருத்தமும் செய்யாமல், அன்று அசல் சர்வர் அனுப்பிய உள்ளடக்கத்தை அப்படியே தரும். பழைய பக்கங்களின் மேல் ஆய்வு செய்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சின்னஞ்சிறு குறியைத்தான். அது தெரியாமல் வேபேக் பக்கங்களை அள்ளிச் சொற்களை எண்ணியவர்கள், காப்பகம் தானே செருகிய கருவிப்பட்டையின் சொற்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

எச்.டி.எம்.எல்.லில் எழுதப்பட்ட முகவரிகளைத் திருத்துவது ஓரளவு எளிது. ஆனால் இன்றைய பக்கங்களில் பெரும்பாலான முகவரிகள் எழுதப்பட்டிருப்பதே இல்லை. நிரல் ஓடும்போது துண்டுகளை ஒட்டி உருவாக்கப்படுகின்றன. சர்வரில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் திருத்த வழியில்லை. சி.என்.என். பக்கத்தை மறைத்த அந்த ஒற்றை வரியும் இந்த வகைச் சிக்கல்தான்.

இதற்கான விடை வாசகரின் உலாவிக்குள்ளேயே இருந்தது. வேபேக்கில் பணியாற்றிய இல்யா க்ரேமர் பின்னர் பைடபிள்யூபி என்ற திறந்த மூல மீளியக்கக் கருவியையும் வெப்ரெக்கார்டர் திட்டத்தையும் உருவாக்கினார். அதன் ஒரு பகுதியாக வளர்ந்தது வொம்பாட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல். பக்கத்தின் சொந்த நிரல்கள் விழிப்பதற்கு முன்பே வொம்பாட் ஓடத் தொடங்கும். உலாவி தரும் வசதிகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். பக்கம் தன் முகவரி என்ன என்று கேட்டால் அசல் முகவரியைச் சொல்லும். டொமைன் பெயரை அமைத்துக்கொள்ள முயன்றால் நடந்துவிட்டதாக நம்ப வைக்கும். புதிய கோரிக்கை புறப்பட்டால் வழியிலேயே பிடித்துக் காப்பகத்துக்குத் திருப்பும். இன்று தேதி என்ன என்று கேட்டால் பிரதி எடுத்த நாளைச் சொல்லும். குருட்டாம்போக்கில் எடுக்கப்படும் தற்போக்கு எண்களைக்கூட ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் தரும். காரணம், பல விளம்பர நிரல்களும் வருகையாளர்களைக் கணக்கிடும் நிரல்களும் நேரத்தையும் தற்போக்கு எண்ணையும் முகவரியில் ஒட்டிவிடும். எண் மாறினால் முகவரி மாறும், முகவரி மாறினால் சேமித்த பதிவு கிடைக்காது. அப்படியும் தப்பிவிடும் முகவரிகளுக்கு, பொருளற்ற பகுதிகளைத் தள்ளிவிட்டு ஏறக்குறையப் பொருந்துவதைத் தேடும் விதிகள் தனியாக உண்டு. வேபேக் மெஷினும் பின்னர் வொம்பாட்டை ஏற்றுக்கொண்டது.

சேமித்த பைட்டுகளில் ஒன்றையும் தொடாமல், மீளியக்கும் முறையை மட்டும் சீர்செய்து, இல்லாமல்போன பக்கங்களுக்கு உயிர் கொடுக்க முடிகிறது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. இன்று திறக்காத ஒரு பிரதி பத்தாண்டுகள் கழித்துத் திறக்கலாம். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய ஃபிளாஷ் நிரலைப் போலவே நடந்து அதன் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற போலி இயக்கியைச் சேர்த்தபோது, உலாவிகள் கைவிடவிருந்த ஃபிளாஷ் விளையாட்டுகளும் அசைபடங்களும் அப்படித்தான் மீண்டும் ஓடின. காப்பகத்தின் தரத்தைச் சேமித்த நாளோடு முடிந்துபோன விஷயமாகக் கருதக் கூடாது.

சர்வரே இல்லாத காப்பகம்

வெப்ரெக்கார்டர் குழுவின் அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. உலாவிகளில் சர்வீஸ் ஒர்க்கர் என்ற வசதி இருக்கிறது. பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, புறப்படும் கோரிக்கைகளைப் பிடித்துத் தானே பதில் தரக்கூடிய பின்னணி நிரல் அது. இணைப்பு அறுந்தாலும் செயலிகள் இயங்க வேண்டும் என்பதற்காக உருவானது. வேபேக்.ஜேஎஸ் என்ற நிரல்தொகுப்பு அதைக் காப்பகச் சர்வராகவே மாற்றிவிட்டது. வார்க் பதிவைத் தேடுவது, உருவுவது, திருத்துவது, பரிமாறுவது எல்லாம் வாசகரின் கணினிக்குள் நடக்கின்றன. 2020இல் வந்த ரீப்ளேவெப்.பேஜ் இதன் மேல் கட்டப்பட்டது.

அதோடு சேர்ந்தே டபிள்யூ.ஏ.சி.இசட். என்ற பொதி வடிவமும் வந்தது. வார்க் கோப்புகள், அட்டவணை, பக்கங்களின் பட்டியல், விவரக்குறிப்பு ஆகியவற்றை ஒரே ஜிப் கோப்பில் கட்டி வைக்கிறார்கள். ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் இருக்கும். ஆகவே நிரல் முதலில் கோப்பின் வாலை மட்டும் கேட்கும். அதிலிருந்து அட்டவணையின் இடத்தை அறியும். அட்டவணையிலிருந்து வேண்டிய பதிவின் இடத்தை அறியும். அந்தச் சில கிலோபைட்களை மட்டும் இறக்கும். தொகுப்பு பல ஜிகாபைட் இருந்தாலும் ஒரு பக்கத்தைப் பார்க்க அதன் மிகச் சிறிய பகுதி போதும். சாதாரணக் கோப்புகளைப் பரிமாறும் எந்த மலிவான இணைய இடத்திலும் இதை வைத்துவிடலாம். தேவையான நிரல் கோப்புகளை ஏற்றி, தன் பக்கத்தில் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். குறிச்சொல்லைச் சேர்த்து, கோப்பு எங்கே இருக்கிறது, எந்த முகவரியைத் திறக்க வேண்டும் என்று இரண்டு விவரம் கொடுத்தால் பழைய தளம் அங்கேயே ஓடும். தனியாகச் சர்வரும் அதைக் கவனிக்க ஆளும் வைத்துக்கொள்ள இயலாத சிறு நூலகங்களுக்கும் இதழ்களுக்கும் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தச் சிரமத்தில் இருப்பவர்கள் உடனே உணர்வார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். காப்பகப் பிரதியில் இருக்கும் அந்நிய நிரல்கள் இப்போது உங்கள் தளத்தின் முகவரியில் ஓடுகின்றன. வாசகர்கள் உள்நுழையும் தளத்திலேயே அவற்றை ஓட விடக் கூடாது. அதற்கென்று தனி டொமைன் வைத்துக்கொள்வதே நல்லது.

பார்த்தது உண்மையா?

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசியாவின் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றே, பிரிவினைவாதத் தலைவர் ஸ்ட்ரெல்கோவின் பெயரிலான ரஷ்யச் சமூக வலைப் பக்கத்தில் ஓர் உக்ரைன் விமானத்தை வீழ்த்தியதாக ஒரு பதிவு வந்தது, பிறகு நீக்கப்பட்டது. அதற்குள் வேபேக் மெஷின் அதைப் பிரதி எடுத்துவிட்டது. காப்பகப் பிரதி எவ்வளவு கனமான சாட்சியாக முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. சாட்சி என்றால் குறுக்கு விசாரணையும் உண்டு. மீளியக்கம் அதில் எவ்வளவு தாங்கும்?

ஒரு பக்கத்தின் எச்.டி.எம்.எல். ஒரு நாளில் எடுத்ததாக இருக்கும். அதிலுள்ள படம் மூன்று மாதம் கழித்து எடுத்ததாக இருக்கும். நெருங்கிய பிரதியைத் தேடித் தரும் இடைமுகம் இரண்டையும் ஒட்டி ஒரே பக்கமாகக் காட்டும். அப்படியொரு பக்கம் எந்த நாளிலும் இருந்ததே இல்லை. ஐந்து காப்பகப் பக்கங்களில் ஒன்று மட்டுமே, காட்டப்படும் அதே தோற்றத்தில் என்றோ இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது என 2015இல் ஓல்ட் டொமினியன் குழுவின் ஆய்வு சொன்னது. மற்றவை எல்லாம் பொய் என்று இதற்குப் பொருள் கிடையாது. மாறியது ஏதோ ஒரு சின்னப் படமாகக்கூட இருக்கலாம். ஆனால் எந்தப் படம் என்பதை வாசகர் அறிய வழி இருக்க வேண்டும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் காட்டியது இன்னும் கூர்மையானது. பழைய பக்கம் ஒன்று, வேறொரு தளத்திலிருந்து ஒரு நிரலை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரல் அன்று சேமிக்கப்படாமல் விடுபட்டுவிட்டது. அந்தத் தளத்தின் டொமைன் இன்று காலாவதியாகி விலைக்குக் கிடக்கிறது. அதை வாங்கி, அதே பெயரில் தன் விருப்பப்படி ஒரு நிரலை வைத்து, காப்பகத்தைக் கொண்டு சேமிக்கச் செய்தால் போதும். நெருங்கிய பிரதி அது ஒன்றுதான் என்பதால், பல ஆண்டுகளுக்கு முந்தைய பக்கத்துக்குள் இன்றைய நிரல் போய் உட்காரும். காப்பகத்தின் பூட்டை உடைக்காமலேயே கடந்த காலத்தைத் திருத்தி எழுத முடியும். வேபேக் மெஷின் இப்போது ஒவ்வொரு பிரதியிலும், பக்கத்தின் உறுப்புகள் எந்தெந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை என்ற விவரத்தைத் திறந்து பார்க்க வசதி தருகிறது. அதைத் திறந்து பார்க்காமல் எந்தக் காப்பகப் பக்கத்தையும் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நல்ல மீளியக்க இடைமுகத்திடம் இரண்டு வாயில்கள் இருக்க வேண்டும் என்பேன். ஒன்று, பக்கத்தை அன்று இருந்தபடி காட்ட இயன்றதை எல்லாம் செய்யும் வாயில். இன்னொன்று, எதையும் செய்யாமல் அசல் பைட்டுகளையும் நேரங்களையும் நீட்டும் வாயில். முதலாவது இல்லையென்றால் சாதாரண வாசகருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதை நம்புவதற்கு அடிப்படை இல்லை.

இந்த இரண்டாவது வாயிலுக்குத்தான் இப்போது நெருக்கடி. 2025 ஆகஸ்டில் இணைய விவாதத் தளமான ரெடிட்டை நடத்தும் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் வேபேக் வழியாகத் தன் உள்ளடக்கத்தை அள்ளுவதாகச் சொல்லி, தன் முகப்பைத் தவிர மற்றவற்றைக் காப்பகம் சேமிப்பதைத் தடுக்கத் தொடங்கியது. நிரல்கள் எளிதாகக் கேட்டுப் பெறலாம் என்பதே காப்பகத்தின் வலிமை. அதுவே இப்போது அதற்கு எதிரான வாதமாகிறது. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குள் திறக்க முடியாதவையாகிவிட்டன. இப்படி உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு வலையில், அள்ளுவோருக்குப் பூட்டும் கதவை வரலாற்றுக்கும் சேர்த்துப் பூட்டுவது பெரிய இழப்பு.

பழைய தமிழ்ப் பக்கங்கள்

தமிழ் வாசகர்களுக்கு இந்த விஷயத்தில் தனியான ஓர் அக்கறை இருக்க வேண்டும். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழில் வந்த தளங்களில் பெரும்பாலானவை யூனிகோடில் இல்லை. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று பல குறியேற்றங்கள், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாடுகள். நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருக்கள். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியவற்றைத் தமிழக அரசு தரமாக்கியது. டிஸ்கி உலகத் தமிழரின் மின்னஞ்சல் குழுக்களில் உருவானது. பாமினி ஈழத் தமிழரிடையே வேரூன்றியது. பாமினியில் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சேமிக்கப்படும். எழுத்துரு இருந்தால் தமிழ்; இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை.

அந்த எழுத்துருவை வாசகரின் கணினிக்கு அனுப்பி வைக்க, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வடிவமும் நெட்ஸ்கேப்புக்கு இன்னொரு வடிவமும் இருந்தன. இன்றைய உலாவிகள் இரண்டையும் அறியா. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான எழுத்துருக் கோப்பில் இன்னொரு கட்டும் போட முடிந்தது: இந்த டொமைனிலிருந்து வரும் பக்கத்தில் மட்டுமே இயங்கு என்று அதற்குள்ளேயே எழுதிவிடலாம். காப்பகத்தின் முகவரி வேறு என்பதால், பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தேடிப் பிடித்துத் திறந்தாலும் அத்தகைய எழுத்துரு வேலை செய்யாது. சி.என்.என். பக்கத்தை மறைத்ததும் இதே டொமைன் பெயர்ச் சிக்கல்தான். அங்கே பல வல்லுநர்கள் கூடிச் சரிசெய்தார்கள். இங்கே கேட்பதற்கு ஆளில்லை.

இந்தப் பக்கங்களில் பலவற்றைக் காப்பகங்கள் சேமித்திருக்கின்றன. நிலைக்குறி வெற்றி என்கிறது, அட்டவணையில் வரி இருக்கிறது, பைட்டுகள் முழுமையாக இருக்கின்றன. காப்பகத்தின் கணக்கில் இவை நல்ல பிரதிகள். தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. திறந்தால் படிக்க முடியாது. இதழ்த் தலையங்கம், கவிதை, போர்க்கால அறிக்கை எல்லாமே இந்த நிலையில்தான் இருக்கின்றன.

சேமித்த பைட்டுகளைத் தொட வேண்டியதில்லை. வேலை முழுவதும் மீளியக்கத்தில்தான். வேபேக்.ஜேஎஸ் போன்ற நிரல் பதிவை உருவி எடுத்த பிறகு, உலாவிக்குத் தரும் முன், இடையில் ஒரு படி செருக முடியும். பக்கத்தில் குறிப்பிட்டிருக்கும் எழுத்துருவின் பெயரை வைத்துக் குறியேற்றத்தைக் கண்டறிய வேண்டும். பக்கத்தின் குறியேற்றம் என்று தலைப்பு வரி சொல்வதை நம்பக் கூடாது. அன்று பலரும் மேற்கத்தியக் குறியேற்றத்தையோ பயனர் வரையறுத்தது என்ற பொதுப் பெயரையோ எழுதி வைத்தார்கள். பிறகு எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதில் வரிசை மாற்றமும் சேரும்: டிஸ்கியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் பாமினியும் கலந்திருந்தால், எந்தத் துண்டு எந்த எழுத்துருவுக்குள் வருகிறது என்று நடைதாளையும் எழுத்துருக் குறிச்சொல்லையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். மாற்று அட்டவணைகள் நம்மிடம் உண்டு. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளைத் தமிழ் இணையம் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறது. அவற்றை மீளியக்கக் கருவிக்குள் பொருத்தி, மாற்றிக் காட்டியிருக்கிறோம் என்ற குறிப்பை மேலே இட்டு, மாற்றாத பிரதிக்கும் ஒரு வழி விட்டுவைத்தால் அந்தப் பக்கங்கள் மீண்டும் படிக்கக் கிடைக்கும். மாற்றிய உரையைக் கொண்டு தனியாக ஒரு தேடல் அட்டவணை கட்டினால் தேடவும் கிடைக்கும். நாளிதழ்களின் தனி எழுத்துருக்களுக்கான அட்டவணைகள்தான் அவசரம். எந்த விசை எந்த எழுத்து என்று அந்த அலுவலகங்களில் தட்டச்சு செய்தவர்களும் அந்த எழுத்துருக்களை வடித்தவர்களும் அறிவார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வைக்கும் வேலை இன்னும் தொடங்க வேண்டியிருக்கிறது.